மின் மலை சைக்கிளுக்கு எத்தனை பல்? கியர் கேள்விகளும் பதில்களும்

கியர் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன: மோட்டார் இருக்கும்போது லோ கியர் (ஏற்றத்தில் லேசாக மிதிக்க உதவும் கியர்) எதற்கு? பெடலுக்கு நடுவே மோட்டார் இருக்கும் வண்டியில், நீங்கள் மிதிக்கும் அதே செயினைத்தான் மோட்டாரும் இழுக்கிறது. கியர் உங்கள் காலுக்கும் மோட்டாருக்கும் பொது. அதனால் ஏறுவதற்கான கியரை முதலில் முடிவு செய்யுங்கள். வேகத்துக்கான கியரைப் பற்றி அதற்குப் பிறகு யோசித்தால் போதும். கீழே வரும் கணக்கெல்லாம் 29 அங்குலச் சக்கரத்துக்கு, 2.4 அங்குல டயருக்கு. அது ஒரு சுற்றுக்குச் சுமார் 2.3 மீட்டர் நகரும்.

கேள்வி: என் வண்டியின் மோட்டார் 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொண்டது. முன்னால் 34 பல். பின்னால் 51 பல் வரை போகும் கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) உண்மையிலேயே தேவையா? 42 பல்லோடு நிறுத்திக்கொண்டால் எடை குறையுமே?

அந்த 85 என்பது கிராங்கில், அதாவது பெடல் பொருத்திய தண்டில், கிடைக்கும் அளவு. பின்சக்கரத்துக்கு எவ்வளவு போகிறது என்பதைக் கியர்தான் தீர்மானிக்கிறது. முன்னால் 34, பின்னால் 51 என்றால் மோட்டாரின் பங்கு சக்கரத்தில் 127 நியூட்டன் மீட்டராகப் பெருகும். அதே மோட்டார், பின்னால் 11 பல் என்றால் வெறும் 27 தான். ஆளும் வண்டியும் சேர்ந்து 105 கிலோ என்று வைத்துக்கொண்டால், 20 சதவீதச் சரிவில் பின்னுக்கு இழுக்கும் எடையைச் சமாளிக்கவே சக்கரத்தில் சுமார் 75 நியூட்டன் மீட்டர் வேண்டும். 11 பல்லில் மோட்டார் தருவது போக மீதியை உங்கள் கால்தான் கொடுக்க வேண்டும்.

42 பல்லில் முறுக்குவிசை 105 வருகிறதே, போதுமே என்று தோன்றும். சிக்கல் சுழற்சியில் இருக்கிறது. கல்லும் வேரும் நிறைந்த ஏற்றத்தில் மணிக்கு 6 கி.மீ. என்பது சாதாரண வேகம். அந்த வேகத்தில் 42 பல்லில் நிமிடத்துக்கு 54 சுற்றுதான் மிதிப்பீர்கள். 51 பல்லில் 65. திறன் என்பது முறுக்குவிசையும் சுழற்சியும் பெருகி வருவது. சுழற்சி விழுந்தால் அதே முறுக்குவிசையிலும் மோட்டார் தரும் திறன் விழும், பேட்டரி மின்சாரத்தில் பெரிய பங்கு வெறும் சூடாகப் போகும். நீண்ட ஏற்றத்தில் சூடேறிய மோட்டார் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே உதவியைக் குறைத்துவிடும். பெரும்பாலான நடு மோட்டார்கள் 70 முதல் 90 சுற்றுக்குள்தான் மனம்விட்டு வேலை செய்கின்றன. பின்னால் சில பல்லைக் குறைத்து மிச்சமாகும் எடை, மோட்டாரும் பேட்டரியும் சுமக்கும் வண்டியில் தெரியவே தெரியாது. 51 இருக்கட்டும்.

கேள்வி: இறக்கத்தில் கால் வெறுமனே சுற்றுகிறது. முன்னால் உள்ள 34 பல் செயின்ரிங்கைக் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்) கழற்றிவிட்டு 38 போடலாமா?

ஐரோப்பிய விதிப்படி அமைந்த வண்டியில் மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் மோட்டார் உதவாது. 34 பல்லோடு, பின்னால் 15 பல்லில், 80 சுற்று மிதித்தாலே 25 வந்துவிடுகிறது. அதற்குக் கீழே 10 பல் வரை உங்களிடம் இருக்கிறது. அதில் 80 சுற்றுக்கு 37 கி.மீ. அதற்கு மேல் காட்டுப்பாதை இறக்கத்தில் மிதிக்க வேண்டிய தேவை அபூர்வம். அங்கே கண் பாதையிலும் விரல் பிரேக்கிலும் இருக்க வேண்டும்.

38 போட்டால் ஏற்றத்தில் இழப்பு உண்டு. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில், 51 பல் கியரில், 34 செயின்ரிங்குக்கு 54 சுற்று மிதிக்கலாம். 38க்கு 49 ஆகிவிடும். கூடவே செயின்ரிங்கின் அடிப்பாகம் தரையை நோக்கி 8 மில்லிமீட்டர் இறங்கும். கல்மேட்டைத் தாண்டும்போது அந்த 8 மில்லிமீட்டர் நன்றாகவே உறைக்கும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரிய செயின்ரிங்கில் அதே முறுக்குவிசைக்குச் செயினில் விழும் இழுப்பு குறையும். 85 நியூட்டன் மீட்டருக்கு 34 பல்லில் சுமார் 1235 நியூட்டன், 38 பல்லில் சுமார் 1110. பின்னாலும் கொஞ்சம் பெரிய பல்சக்கரங்களிலேயே ஓட்டுவீர்கள், அவை மெதுவாகத் தேயும். ஆகவே அகலமான மண்சாலைகளில், மிதமான ஏற்றங்களில் ஓட்டுபவருக்கு 36 அல்லது 38 நல்ல தேர்வுதான். செங்குத்தான ஒற்றையடிப் பாதை உங்கள் வழக்கம் என்றால் 34ஐ விட்டு நகராதீர்கள். உடல் எடை அதிகம் என்றாலோ கால்வலு குறைவு என்றாலோ 32ம் நன்று.

எது என்று முடிவெடுக்க ஒரு சோதனை போதும். நீங்கள் அடிக்கடி ஏறும் மிகக் கடினமான ஏற்றத்தில், கடைசி லோ கியரில், 15 விநாடிக்கு ஒரு பெடலின் சுற்றுகளை எண்ணுங்கள். 15க்குக் குறைந்தால் உங்கள் செயின்ரிங் பெரியது. 18 முதல் 22 வரை வந்தால் எதையும் மாற்ற வேண்டாம்.

செயின்ரிங்கை மாற்றினால் செயின் நீளத்தையும் பார்த்தே ஆக வேண்டும். பின் சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கிய நிலையில், பின்னால் பெரிய பல்லில் செயின் விறைத்து நிற்கக் கூடாது. அப்படி நின்றால் டீரெயிலர் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின் உறுப்பு) உடைந்து கையில் வந்துவிடும்.

கேள்வி: முன்சக்கரம் 29, பின்சக்கரம் 27.5 அங்குலம் உள்ள வண்டி. கியர் கணக்கு மாறுமா?

மாறும், உங்களுக்குச் சாதகமாக. பின்சக்கரம் சிறிதானால் ஒவ்வொரு கியரும் 4 முதல் 5 சதவீதம் லேசாகும். 34 செயின்ரிங் ஏறக்குறைய 32.5 போல நடந்துகொள்ளும்.

கேள்வி: 12 கியர் வண்டியில் கேசட்டும் செயினும் சீக்கிரம் தேய்ந்துபோகின்றன. குறைவான கியர் கொண்ட அமைப்புக்கு மாறுவது புத்திசாலித்தனமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மோட்டார் இல்லாத சைக்கிளில் கியருக்கும் கியருக்கும் இடைவெளி குறைவாக இருப்பது காலுக்கு இதம். மோட்டார் அந்த இடைவெளியை நிரப்பிவிடுவதால் இங்கே பன்னிரண்டு படிகள் கட்டாயம் இல்லை. இதை உணர்ந்துதான் ஸ்ராம் நிறுவனம் 2016ல் மின் மலை சைக்கிளுக்கென்றே 11 முதல் 48 பல் வரை எட்டே கியர் கொண்ட இஎக்ஸ்1 அமைப்பைக் கொண்டுவந்தது. ஷிமானோவின் லிங்க்கிளைட் அதே எண்ணத்தின் இன்னொரு வடிவம்: பல் தடிமன் கூடியது, 11 கியர், 11 முதல் 50 பல். தங்கள் வழக்கமான கேசட்டைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்கிறது நிறுவனம். 10-51 கேசட்டோடு ஒப்பிட்டால் லோ கியரில் ஒரே ஒரு பல்தான் இழப்பு. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதற்கே மாறுவேன். ஆனால் கேசட், டீரெயிலர், ஷிஃப்டர் (கைப்பிடியில் கியர் மாற்றும் விசை) மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கேபிள் இழுக்கும் அளவு வேறு என்பதால் பழையதும் புதியதும் ஒன்றோடொன்று சேராது.

மாறினாலும் மாறாவிட்டாலும் பழக்கம் மாறாமல் தேய்மானம் குறையாது. கியர் மாற்றுமுன் அரைச் சுற்றுக்கு மிதியை இளக்குங்கள். மோட்டாரின் சென்சார் உங்கள் கால் அழுத்தத்தைத்தான் பார்க்கிறது. நீங்கள் இளக்கினால் அதுவும் இளகும், செயின் சத்தமில்லாமல் அடுத்த பல்லில் ஏறும். ஏற்றம் தொடங்குமுன்பே மாற்றுங்கள், நடுவில் திணறும்போது அல்ல. ஒரே அழுத்தில் மூன்று நான்கு கியர் தாவுவதைத் தவிருங்கள். இதற்காகவே ஒரு அழுத்துக்கு ஒரு கியர் மட்டும் மாற்றும் ஷிஃப்டர்கள் கிடைக்கின்றன. அதிகபட்ச உதவியை வைத்துக்கொண்டு 10, 11 பல்லிலேயே ஓட்டுவதுதான் கேசட்டுக்கு இழைக்கும் பெரிய கொடுமை. மொத்தச் சுமையையும் நாலைந்து பல் மட்டும் தாங்குகிறது.

செயின் அளவுகோல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 11, 12 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றிவிட வேண்டும். பணம் மிச்சம் என்று தள்ளிப்போட்டால், நீண்ட செயின் கேசட்டையும் தின்றுவிடும். கேசட்டின் விலைக்குச் சில செயின்கள் வாங்கலாம்.

கேள்வி: பழைய போஷ் மோட்டார் வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. செயின்ரிங்கில் 16 பல்தான் இருக்கிறது. யாரோ தவறாக மாட்டிவிட்டார்களா?

இல்லை. அந்தத் தலைமுறை மோட்டாரில் கிராங்க் ஒருமுறை சுற்றினால் செயின்ரிங் 2.5 முறை சுற்றும். 16 பல் என்பது 40 பல்லுக்குச் சமம். ஏற்றத்துக்கு அது கொஞ்சம் பெரியது. 14 பல் போட்டால் 35க்குச் சமமாகும்.

கேள்வி: என் வண்டியில் மோட்டார் பின்சக்கர ஹப்பில், அதாவது சக்கரத்தின் மையத்தில், இருக்கிறது. பெரிய கேசட் போட்டால் ஏற்றத்தில் மோட்டார் நன்றாக இழுக்குமா?

இழுக்காது. ஹப் மோட்டார் சக்கரத்தை நேராகத் திருப்புகிறது, செயின் வழியாக அல்ல. பெரிய கேசட் உங்கள் கால் வேலையை மட்டும் லேசாக்கும். ஆனாலும் அதனால் வேகம் விழாமல் காப்பாற்ற முடிந்தால் மோட்டார் சூடேறுவது குறையும், அந்த அளவுக்குப் பயன் உண்டு. வாங்குமுன் ஹப்பில் இருப்பது கேசட் பொருத்தும் வகையா, மரையில் திருகும் ஃப்ரீவீலா என்று பாருங்கள். ஃப்ரீவீல் என்றால் தெரிவுகள் மிகக் குறைவு.

கேள்வி: டீரெயிலர் பாறையில் அடிபட்டு வளைந்துகொண்டே இருக்கிறது. கியரெல்லாம் பெட்டிக்குள் அடங்கிய கியர்பாக்ஸ் வண்டிக்குப் போகலாமா?

பினியன் நிறுவனம் 2023ல் மோட்டாரையும் 12 கியரையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி வெளியிட்டது. அதன் வீச்சு, அதாவது மிக லேசான கியருக்கும் மிக வேகமான கியருக்கும் உள்ள விகிதம், 600 சதவீதம். 10-52 கேசட் தருவது 520. பின்சக்கர ஹப்புக்குள்ளேயே 14 கியரை வைக்கும் ரோலாஃப்பில் 526 சதவீதம். இவற்றில் பாறையில் அடிபட டீரெயிலர் இல்லை, செயினுக்குப் பதில் பெல்ட் போட்டால் அதற்கு எண்ணெய் விடவும் வேண்டாம். ஆனால் ரோலாஃப் ஹப் பின்சக்கரத்தில் எடையைக் கூட்டுகிறது. துள்ளல் மிகுந்த பாதையில் பின் சஸ்பென்ஷன் மந்தமாகும். பினியன் எடையை நடுவில் வைப்பதால் அந்தக் குறை இல்லை. ஆனால் அதற்கென்றே வடிவமைத்த சட்டகம் வேண்டும். இருக்கும் வண்டியில் மாட்ட முடியாது. புது வண்டி வாங்கும் எண்ணம் இருந்தால் ஓட்டிப் பாருங்கள். இல்லையென்றால் டீரெயிலரைத் தாங்கும் ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். அடிபட்ட டீரெயிலரை மாற்றியும் கியர் ஒழுங்காக விழவில்லை என்றால் பெரும்பாலும் வளைந்திருப்பது அதுதான்.