துபாயில் அதிகம் அறியப்படாத பூங்காக்கள்: கேள்வி பதில்

துபாயின் பூங்காக்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்நகரில் நீண்ட காலமாகத் தோட்டக்கலைத் துறையில் பணியாற்றிவரும் தமிழர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கராமாவிலிருந்து ஒரு வாசகி: வணக்கம் ஐயா. மிராக்கிள் கார்டன், ஜபீல் பூங்கா இரண்டையும் பலமுறை பார்த்துவிட்டோம். விடுமுறை நாள்களில் எங்கு போனாலும் கூட்டம். அமைதியாக நடக்கக்கூடிய இடம் ஏதும் உண்டா? எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: வணக்கம் அம்மா. முதலில் முஷ்ரிஃப் பூங்காவுக்குச் செல்லுங்கள். மிர்திஃபுக்கு அப்பால், அல் கவானீஜ் செல்லும் சாலையில், 1970-களில் அமைக்கப்பட்ட இந்தப் பூங்கா ஐந்து சதுர கிலோமீட்டருக்கும் மேலான பரப்புடையது. பலர் நுழைவாயிலுக்கு அருகிலுள்ள புல்வெளியில் பாயை விரித்து உணவருந்திவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உண்மையான பூங்கா அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது. மணல் மேடுகளுக்கிடையே இயற்கையாக வளர்ந்து நிற்கும் காஃப் என்னும் உள்ளூர் மரங்களின் காடு அங்கே இருக்கிறது. அதற்குள் நடப்பதற்கும் மிதிவண்டி ஓட்டுவதற்கும் தடங்கள் அமைத்திருக்கிறார்கள். மிதிவண்டித் தடங்களில் வேகமாக வருபவர்கள் இருப்பதால், நடைத்தடத்துக்கான வழிகாட்டிப் பலகைகளைப் பார்த்துச் செல்லுங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் சென்றால் கௌதாரிகள் கூட்டமாகத் தரையில் ஓடுவதைப் பார்க்கலாம். பனங்காடையும் கொண்டலாத்தியும் சாதாரணமாகக் கண்ணில் படும். இங்கே வசிக்கும் பாலைவனக் கொம்பன் ஆந்தையைத் தேடிப் பறவை ஆர்வலர்கள் தொலைவிலிருந்தும் வருகிறார்கள்.

மிராக்கிள் கார்டனை நான் குறை சொல்லவில்லை. அது 2013-இல் தொடங்கப்பட்ட மலர்க் கண்காட்சி. கோடைக் காலத்தில் மூடிவிடுவார்கள். ஆனால் இந்த மண்ணில் எது தானாக வளரும், எது இங்கு வாழப் பழகியது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் முஷ்ரிஃபுக்கு இணையான இடம் நகர எல்லைக்குள் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

சோனாப்பூரிலிருந்து ஒருவர்: அண்ணே, முஷ்ரிஃபுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். அங்கே இருப்பவை எங்கள் இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலம் போலத்தான் தெரிந்தன. ஊரில் அதை வெட்டச் சொல்லி நீதிமன்றம் வரை போகிறார்கள். இங்கே அதையே ஏன் போற்றுகிறார்கள்?

பதில்: தம்பி, இந்த ஐயம் நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் வருவதுதான். காஃப் சீமைக்கருவேலம் அன்று. அது நம் வன்னி மரம். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலில் தல விருட்சமாக நிற்கும் அதே இனம். இராஜஸ்தானில் கேஜ்ரி என்று அழைக்கப்படுவதும் இதுவே. 1730-இல் ஜோத்பூருக்கு அருகில் இந்த மரங்களை வெட்டவந்தவர்களைத் தடுத்து 363 பிஷ்னோய் சமூக மக்கள் உயிர் துறந்தார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2008-இல் இதைத் தேசிய மரமாக அறிவித்தது. 2019-ஐச் சகிப்புத்தன்மை ஆண்டாகக் கொண்டாடியபோது இந்த மரத்தையே அதன் சின்னமாக வைத்தது.

இரண்டும் நெருங்கிய உறவினங்கள் என்பதால் தொலைவிலிருந்து பார்க்கும்போது குழப்பம் ஏற்படுவது இயல்பு. அருகில் சென்று கிளையைக் கவனியுங்கள். சீமைக்கருவேலத்தில் நீண்ட முட்கள் இலை தோன்றும் கணுவிலேயே இணையாக நிற்கும். வன்னியில் சிறிய கூம்பு வடிவ முட்கள் கணுக்களுக்கு இடையிலும் சிதறியிருக்கும். வன்னியின் சிற்றிலைகள் சிறியவை. முதிர்ந்த மரத்தின் கிளைநுனிகள் கீழ்நோக்கித் தொங்கும். சீமைக்கருவேலமும் அமீரகத்தில் இருக்கிறது. நம் ஊரைப் போலவே அதுவும் வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டு, பின்னர் தானாகப் பரவிய மரம். இங்கும் அதை ஆக்கிரமிப்புத் தாவரமாகவே கருதுகிறார்கள்.

வன்னியின் சிறப்பு அதன் வேரில் இருக்கிறது. முப்பது மீட்டர் ஆழம் வரைகூடச் சென்று நிலத்தடி ஈரத்தைத் தேடிக்கொள்ளும் வேர் அது. மழையே இல்லாத ஆண்டிலும் பசுமையாக நிற்கும். ஒட்டகத்துக்கு இலையும் காயும் உணவாகும். உச்சிவெயிலில் மேய்ப்பவருக்கும் மந்தைக்கும் நிழல் தரும். வளர்ந்த ஒரு மரம் பட்டுப்போனால் அதன் இடத்தை நிரப்ப ஒரு தலைமுறை ஆகும். ஆகையால் அதன் அடியில் தீ மூட்டுவதையும் கிளை ஒடிப்பதையும் யார் செய்தாலும் தயவுசெய்து தடுத்துச் சொல்லுங்கள்.

அல் குசைஸிலிருந்து ஒருவர்: என்னிடம் கார் இல்லை. ஞாயிறு மட்டுமே விடுமுறை. மெட்ரோவிலோ நடந்தோ போகக்கூடிய பூங்கா எது?

பதில்: உங்கள் பகுதிக்கு அருகிலேயே அல் நஹ்தா பாண்ட் பார்க் இருக்கிறது. நடுவில் ஒரு குளம், அதைச் சுற்றி நடைபாதை, ஓரங்களில் மரங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. மாலையில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வந்துவிடும் என்பதால் காலையே நல்லது. நீண்ட நேரம் நடக்க விரும்பினால் பச்சை வழித்தட மெட்ரோவில் ஊத் மேத்தா பக்கம் இறங்கி, 1994-இல் திறக்கப்பட்ட கிரீக் பூங்காவுக்குச் செல்லலாம். இது ஊரறிந்த பூங்காதான். ஆனாலும் வாகன நிறுத்தத்தை ஒட்டிய பகுதியைத் தாண்டி நீரோரமாகவே நடந்தால் ஆளரவம் குறைந்துவிடும். இங்கு நுழைவுக் கட்டணத்தை, மெட்ரோவுக்குப் பயன்படுத்தும் நோல் அட்டையில் செலுத்த வேண்டியிருக்கும்; அட்டையில் பணம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷார்ஜா அல் நஹ்தாவிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்குப் பறவைகள் என்றால் உயிர். கூண்டில் இல்லாத பறவைகளை அவளுக்குக் காட்ட வேண்டும். எங்கே அழைத்துச் செல்வது?

பதில்: இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, துபாய் கிரீக் நீர்வழி முடியும் இடத்திலுள்ள ராஸ் அல் கோர் சரணாலயம். பூங்கா என்ற பெயர் அதற்கு இல்லை. உள்ளே சுற்றித் திரியவும் முடியாது. ஏறத்தாழ ஆறு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உப்புநிலம், சேற்றுத்தரை, அலையாத்திக் காடு ஆகியவை சேர்ந்த இடம் அது. 2007-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. குளிர்காலத்தில் பூநாரைகள் நூற்றுக்கணக்கில் கூடிநின்று இரை தேடும். அவற்றுக்குப் பின்னால் வானளாவிய கட்டடங்கள் வரிசையாகத் தெரியும். ஓரத்தில் மறைகுடில்கள் கட்டியிருக்கிறார்கள். அவற்றுக்குள் அமர்ந்துதான் பார்க்க வேண்டும். அண்மைக் காலமாக அங்கே மேம்பாட்டுப் பணிகள் மேற்கொள்ளப்படுவதால் எந்தக் குடில் திறந்திருக்கிறது என்பதை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மாலையில் சீக்கிரமே மூடிவிடுவார்கள். குழந்தைக்கு ஓர் இருநோக்கி வாங்கிக் கொடுங்கள். நெடுங்கால் உள்ளானையும் விராலடிப்பானையும் அவளே கண்டுபிடிப்பாள்.

இரண்டாவது இடம் உங்கள் ஷார்ஜாவிலேயே இருக்கிறது. வாஸித் ஈரநில மையத்தைப் பற்றி அங்கு வசிப்பவர்களுக்கே போதிய அளவு தெரியாமல் இருப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. ஒரு காலத்தில் குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டிக் கெடுக்கப்பட்ட நிலம் அது. குப்பையை அகற்றி, நீர்நிலைகளைச் சீரமைத்து, மரம் நட்டு, 2015-இல் மக்களுக்குத் திறந்தார்கள். பார்வையாளர் கட்டடம் நிலத்துக்குள் தாழ்த்திக் கட்டப்பட்டிருப்பதால் பறவைகளின் பார்வையை அது மறிப்பதில்லை; கண்ணாடிச் சுவருக்கு இப்புறம் நாம், அப்புறம் அவை. இந்த மையத்துக்கு 2019-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது வழங்கப்பட்டது. கெட்டுப்போன நிலத்தை மீட்க முடியும் என்று குழந்தைகளுக்கு எடுத்துக்காட்ட விரும்புகிற ஒவ்வொரு பெற்றோரும் போகவேண்டிய இடம்.

டெய்ராவிலிருந்து ஒருவர்: ஆண்டுக்கு மழையே ஓரிரு நாள்கள்தான். இத்தனை பூங்காக்களுக்கும் நீர் எங்கிருந்து வருகிறது? கடல்நீரைக் குடிநீராக்கி அதையா புல்லுக்குப் பாய்ச்சுகிறார்கள்?

பதில்: மிக நல்ல கேள்வி. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றால், துபாயில் சராசரி 100 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். குடிநீருக்குக் கடல்நீரை நன்னீராக்குகிறார்கள். ஆனால் நகரத்தின் மரங்களுக்கும் புல்வெளிகளுக்கும் பெருமளவில் பாய்வது சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர். நம் வீட்டுச் சமையலறையிலும் குளியலறையிலும் வெளியேறும் நீர் அல் அவீர், ஜபல் அலி ஆகிய இடங்களிலுள்ள நிலையங்களில் சுத்தமாக்கப்பட்டு, தனிக் குழாய் வழியாகத் தோட்டங்களுக்குத் திரும்புகிறது. மரங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய், புல்லுக்குத் தெளிப்பான் என்பது பொதுவான முறை. தெளிப்பான் நீரில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள். அது குடிக்கவோ முகம் கழுவவோ ஆன நீர் அன்று.

துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பூங்காவின் தரத்தை அதன் புல்வெளியின் பரப்பை வைத்து அளப்பது இந்த நிலத்துக்குப் பொருந்தாது. புல்லுக்கு நாள்தோறும் நீர் வேண்டும். வேரூன்றிய வன்னிக்கோ இலந்தையின் உறவான சித்ர் மரத்துக்கோ மிகக் குறைந்த நீர் போதும், நிழலும் அவையே தரும். உள்ளூர் மரங்களை மிகுதியாக நடும் பூங்காக்களுக்கு மக்கள் ஆர்வத்தோடு வரத் தொடங்கினால், வடிவமைப்பவர்களும் அந்தப் பக்கம் திரும்புவார்கள்.

பர்துபாயிலிருந்து ஒரு வாசகர்: ஊரிலிருந்து வயதான பெற்றோர் விசிட் விசாவில் வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கே அழைத்துப் போகலாம்?

பதில்: பாம் ஜுமெய்ராவின் நடுத்தண்டில், மோனோரயில் பாதைக்குக் கீழே, அல் இத்திஹாத் பூங்கா இருக்கிறது. அந்தத் தீவுக்குப் போகும் ஆயிரக்கணக்கானோர் இதற்கு மேலே ரயிலில் கடந்துவிடுகிறார்களே தவிர, இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு. 2012-இல் திறக்கப்பட்ட இதில் உள்ளூர் மரஞ்செடிகளையே தேர்ந்தெடுத்து நட்டிருக்கிறார்கள், நடைபாதை 3.2 கிலோமீட்டர் நீளமுடையது, சமதளமானது. அம்மாவுக்கு வலி வந்தால் அந்த இடத்திலேயே நடையை முடித்துக்கொள்ளலாம். முழுச் சுற்றும் வரவேண்டிய தேவையில்லை. அல் பர்ஷா பாண்ட் பார்க்கும் சமதளம்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலத்தில் அழைத்துவந்தால், பகலிலும் வெளியில் உட்கார முடியும். மாலையில் மட்டும் ஒரு சால்வை வேண்டியிருக்கும்.

அஜ்மானிலிருந்து ஒரு வாசகி: குர்ஆன் பூங்காவுக்கு மற்ற மதத்தவர் செல்லலாமா? தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயக்கமே வேண்டாம், எல்லோருக்கும் திறந்த பூங்கா அது. 2019-இல் அல் கவானீஜில் ஏறத்தாழ 60 ஹெக்டேர் பரப்பில் திறக்கப்பட்டது. குர்ஆனில் குறிப்பிடப்படும் அத்தி, ஒலிவம், மாதுளை, பேரீச்சை, வெங்காயம், பூண்டு முதலிய தாவரங்களைத் தொகுதி தொகுதியாக வளர்க்கிறார்கள். வெப்பத்தைத் தாங்காதவற்றுக்குத் தனியே கண்ணாடி மனை உண்டு. தோட்டக்கலையில் ஆர்வமுள்ளவர்களுக்கு இதுவே பெரிய பாடம். உடையில் அடக்கம் இருந்தால் போதும்.

ஜபல் அலியிலிருந்து ஒருவர்: கோடையில் பூங்காவை மறந்துவிட வேண்டியதுதானா?

பதில்: பகலில் மறந்துவிடுங்கள். வெளிப்புற வேலை செய்பவர்களுக்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகலில் கட்டாய இடைவேளை தருகிறார்கள் என்றால், பொழுதுபோக்குக்காக அந்த நேரத்தில் வெளியே போவதில் பொருளில்லை. சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து, கடற்கரையைவிட உள்நாட்டுப் பக்கமுள்ள பூங்காக்களுக்குச் செல்லுங்கள். பெரும்பாலும் புழுக்கம் அங்கே சற்றுக் குறைவாக இருக்கும். ஆகஸ்டு மாதக் கடைசியில், விடியலுக்கு முன் தென்கிழக்கு அடிவானில் சுஹைல் விண்மீன் தோன்றியதும் வெப்பம் தணியத் தொடங்கும் என்பது அரபு மக்களின் பழைய கணக்கு. நம்மவர்கள் அகத்திய நட்சத்திரம் என்று சொல்வதும் அதையேதான்.

மற்றொரு வாசகர்: படம் எடுக்கலாமா? நாயை அழைத்துச் செல்லலாமா? பார்பிக்யூ போடலாமா?

பதில்: மரத்தையும் பறவையையும் எடுக்கலாம், அனுமதியின்றிப் பிறரை, குறிப்பாகப் பெண்களையும் குழந்தைகளையும், படமெடுத்தால் சட்டச் சிக்கல் வரும். மாநகராட்சிப் பூங்காக்களில் நாய்க்கு அனுமதியில்லை. அடுப்பு மூட்ட ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே மூட்டலாம்.

மிர்திஃபிலிருந்து ஒரு வாசகர்: இப்படிப்பட்ட இடங்களை நாங்களே தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: துபாயின் பழைய குடியிருப்புப் பகுதிகள் பலவற்றில் ஒரு சிறு பூங்காவேனும் உண்டு, பெரும்பாலானவற்றுக்கு அறிவிப்போ விளம்பரமோ கிடையாது. வரைபடத்தைத் திறந்து, அல் வர்கா, அல் த்வார், அல் கூஸ் போன்ற பகுதிகளில் பச்சையாகத் தெரியும் சதுரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். அல் கூஸ் பாண்ட் பார்க்கை நான் அப்படித்தான் அறிந்தேன். அல் ஸஃபா பக்கம் பழைய நீர்த்தொட்டியை ஒட்டிச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் அல் கஸ்ஸான் என்ற சிறு பூங்கா இருக்கிறது. அருகிலுள்ள பெரிய ஸஃபா பூங்காவுக்கு வருபவர்களில் பலர் இதை அறிவதில்லை.

நகரைத் தாண்டிப் போக விரும்பினால் அல் குத்ரா ஏரிகள் இருக்கின்றன. செயற்கையாக வெட்டிய ஏரிகள்தாம். ஆயினும் அல் மர்மூம் பாலைவனக் காப்பகத்துக்குள் இருப்பதால் வலசைப் பறவைகள் இறங்குகின்றன, சில சமயம் மான்களும் தென்படும். விடியற்காலையில் போங்கள். தண்ணீரைத் தேவைக்கு இரு மடங்காக எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் ஏரிக்கரையில் கடைகள் இல்லை. மென்மணலில் சாதாரணக் காரை இறக்காதீர்கள். குப்பையைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். நெகிழிப் பையைத் தின்று ஒட்டகங்கள் இறப்பது இந்நாட்டில் கால்நடை மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரித்துவரும் துயரம்.