ஃபஸ் ஃபேஸ் பெடலின் நகலைக் கட்டுதல்: கேள்வி பதில்

கேள்வி: கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் ஃபேஸ் பெடலில் பாகங்கள் மிகக் குறைவு. முதன்முதலாகக் கட்டுபவருக்கு இது எளிதாக இருக்குமா?

பதில்: சால்டரிங் எளிது, ஒலியைக் கொண்டுவருவதுதான் கடினம். ஐவர் ஆர்பிட்டரின் நிறுவனம் 1966இல் லண்டனில் வெளியிட்ட அந்த வட்டப் பெட்டிக்குள் இரண்டு டிரான்சிஸ்டர்கள், நான்கு ரெசிஸ்டர்கள், மூன்று கெப்பாசிட்டர்கள், இரண்டு குமிழ்கள் ஆகியவை மட்டுமே இருந்தன. டிரான்சிஸ்டருக்கு எமிட்டர், பேஸ், கலெக்டர் என மூன்று கால்கள் உண்டு. முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டர் இரண்டாவதன் பேஸுடன் நேரடியாக இணைந்திருப்பதால், ஒன்றில் உள்ள குறை மற்றொன்றையும் நிலைகுலையச் செய்துவிடும். ஆகவே பெட்டியின் நிறத்துக்கும் எழுத்துக்கும் செலவிடும் நேரத்தை டிரான்சிஸ்டர்களைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடுங்கள் என்றே எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

கேள்வி: ஐயா, என்கேடி275 என்ற எண்ணுள்ள டிரான்சிஸ்டர்தான் வேண்டுமா? ஏசி128 போதாதா?

பதில்: தாராளமாகப் போதும். ஆர்பிட்டரின் பெடல்களிலேயே ஏசி128 பொருத்தப்பட்டவை உண்டு. மேலே அச்சிட்ட எண்ணைவிட அளந்து பார்த்த மதிப்பே முக்கியம்; இவை ஜெர்மேனியம் என்ற பொருளால் ஆனவை, ஒரே எண்ணுள்ள இரண்டு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல் இருப்பது அரிது. முதலாவதற்கு 70 முதல் 80 வரையிலும், இரண்டாவதற்கு 110 முதல் 130 வரையிலும் பெருக்கம் (பேஸ் மின்னோட்டத்தை டிரான்சிஸ்டர் எத்தனை மடங்காக்குகிறது என்ற எண்) இருந்தால் பெரும்பாலும் நல்ல ஒலி கிடைக்கும்.

கேள்வி: என் மல்டிமீட்டர் ஒரு டிரான்சிஸ்டருக்குப் பெருக்கம் 190 என்று காட்டுகிறது. அதை நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். ஜெர்மேனியத்தில் பேஸுக்கு மின்னோட்டம் செல்லாத போதும் கலெக்டர் வழியே சிறிது மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். சாதாரண மீட்டர் அந்தக் கசிவையும் பெருக்கமாக எண்ணிக் கூட்டிவிடுகிறது. இந்த ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் பிஎன்பி என்ற வகை, அதாவது எமிட்டர் பேட்டரியின் நேர்முனைப் பக்கம் இருக்கும் வகை. அவற்றுக்கு இப்படி அளந்து பாருங்கள். எமிட்டரை 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையோடு இணையுங்கள். 2.2 கிலோ ஓம், 270 ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராகச் சேர்த்து, அவற்றின் வழியே கலெக்டரை எதிர்முனைக்குக் கொண்டுசெல்லுங்கள். பேஸை எதனோடும் இணைக்காமல், அவ்விரு ரெசிஸ்டர்களுக்கும் குறுக்கே உள்ள வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுவே கசிவு. பிறகு பேஸிலிருந்து எதிர்முனைக்கு 2.2 மெகா ஓம் ரெசிஸ்டரை இணைத்து மீண்டும் அளவெடுங்கள். இரண்டாவது அளவிலிருந்து முதல் அளவைக் கழித்து 100ஆல் பெருக்கினால் உண்மையான பெருக்கம் கிடைக்கும். முதலில் 0.35 வோல்ட்டும் பிறகு 1.10 வோல்ட்டும் வந்தால் பெருக்கம் 75, அதாவது முதல் இடத்துக்கு உகந்தது. விரலால் பிடித்த சூட்டுக்கே அளவு ஏறிவிடும் என்பதால், டிரான்சிஸ்டரைப் பொருத்தியபின் சில நிமிடங்கள் தொடாமல் விட்டு, எண் அசையாமல் நின்ற பிறகே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கட்டி முடித்துவிட்டேன். ஆனால் சுரம் நீடிக்காமல் பொரிந்து பொரிந்து அறுந்துபோகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் உள்ள வோல்டேஜைப் பாருங்கள். அது ஏறக்குறைய 4.5 வோல்ட்டாக, அதாவது பேட்டரியின் பாதியாக இருக்க வேண்டும். வரைபடத்தில் உள்ள 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதிலாக 20 கிலோ ஓம் டிரிம்பாட் (திருப்பி மதிப்பை மாற்றக்கூடிய சிறு ரெசிஸ்டர்) ஒன்றை வைத்து, மீட்டரைப் பார்த்தபடி மெதுவாகத் திருப்புங்கள். அந்த எண்ணுக்கு அருகில் வந்ததும் மீட்டரை விட்டுவிட்டுக் காதை நம்புங்கள். சிலருக்கு 5 வோல்ட் அருகில் வரும் ஒலி பிடித்திருக்கிறது, அதில் தவறேதும் இல்லை.

கேள்வி: நான் மதுரையில் இருக்கிறேன். மே மாதத்தில் மாடி அறையில் வாசிக்கும்போது ஒலி மாறிவிடுகிறது. இது என் கற்பனையா?

பதில்: கற்பனை அன்று. வெப்பநிலை 10 டிகிரி ஏறும்போது ஜெர்மேனியத்தின் கசிவு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அதனால் கலெக்டர் வோல்டேஜும் நகர்ந்துவிடுகிறது. நம் ஊர் வெயிலில் வாசிப்பவர்கள் கசிவு மிகக் குறைந்த டிரான்சிஸ்டர்களாகப் பொறுக்குவதும், நான் முன்பு சொன்ன டிரிம்பாட்டுக்குப் பதிலாகப் பெட்டிக்கு வெளியே ஒரு குமிழை வைத்துக்கொள்வதும் நல்லது. வெப்பத்தைப் பற்றிய கவலையே வேண்டாம் என்றால், 1960களின் இறுதியில் ஆர்பிட்டரே மாறியதைப் போல, பிசி108 போன்ற சிலிக்கானுக்கு மாறலாம்; ஒலி இன்னும் கூர்மையாக இருக்கும். கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இரு வகைகளையும் வாசித்திருக்கிறார்.

கேள்வி: மற்ற பெடல்களுக்குப் பயன்படுத்தும் அதே அடாப்டரில் இதையும் இணைக்கலாமா?

பதில்: கூடாது. பிஎன்பி சுற்றில் பேட்டரியின் நேர்முனையே கிரவுண்டாக (சுற்றின் பொது இணைப்பாக) இருக்கிறது. மற்ற பெடல்களிலோ எதிர்முனை கிரவுண்டாக இருக்கும். இரண்டையும் ஒரே அடாப்டரில் இணைத்தால், கிட்டார் கேபிளின் கிரவுண்ட் வழியாகவே ஷார்ட் ஆகிவிடும். தனி பேட்டரி போடுங்கள். இந்தச் சுற்று மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுப்பதால் அது நெடுநாள் வரும்.

கேள்வி: கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் ஒலி தெளிவாகும் என்கிறார்களே, எனக்கு அப்படி நடக்கவில்லையே?

பதில்: கிட்டாருக்கும் ஃபஸ்ஸுக்கும் இடையில் பஃபர் (கிட்டாரை அடுத்த சுற்றிலிருந்து பிரித்து வைக்கும் சிறு சுற்று) உள்ள பெடல் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சுற்றின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகக் குறைவு என்பதால், அது பிக்கப்பை (கம்பிகளின் அதிர்வை மின்சைகையாக்கும் கிட்டார் பாகத்தை) நேரடியாக இழுத்துப் பிடிக்கிறது. வால்யூம் குமிழும் சுற்றின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடுகிறது. இடையில் பஃபர் வந்தால் அந்த உறவு அறுந்து, ஒலி கரகரவென்று வறண்டுவிடும். ஃபஸ்ஸை வரிசையில் முதலாவதாக வைத்து, அதன் ஃபஸ் குமிழை முழுவதும் திறந்துவிட்டு, கிட்டாரின் குமிழைச் சற்றே இறக்கிப் பாருங்கள்.