வாசகர் கேள்வி – பதில்: மார்கழி வெயிலும் ஓவியக் குறிப்பேடும்

கேள்வி: அரையாண்டு விடுமுறைக்கு, ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுடன் நாகர்கோவிலில் உள்ள என் தாய்வீட்டில் தங்கவிருக்கிறேன். இயற்கையைப் பார்த்து வரைவதற்கென்று இருவரும் சேர்ந்து ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ள விரும்புகிறோம். விவேகானந்தர் பாறை, மாத்தூர்த் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி என்று பட்டியலும் போட்டாயிற்று. எதிலிருந்து தொடங்கலாம்? – வாசகி, சென்னை

பதில்: அந்தப் பட்டியல் புகைப்படம் எடுக்க உதவும், குறிப்பேட்டுக்கு அவ்வளவாக உதவாது. தினம் ஓர் ஊருக்குப் போய், கூட்டத்துக்கு நடுவே நின்று, அரைமணி நேரத்தில் ஒரு முழுக்காட்சியை வரைந்து முடிக்க முயல்பவர்கள் விரைவிலேயே சலித்துப்போய் நோட்டை மூடிவிடுவார்கள். வீட்டிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய ஒரே இடத்தைத் தேர்ந்துகொண்டு அங்கேயே திரும்பத் திரும்பச் செல்லுங்கள். சொத்தவிளை அல்லது சங்குத்துறைக் கடற்கரையே போதும்.

மணலில் படரும் அடம்புக் கொடி நல்ல தொடக்கம். நுனி பிளந்து இரு மடல்களாக நிற்கும் அதன் இலையைச் சங்கப் புலவர் ஒருவர் மானின் அடிக்கு ஒப்பிட்டிருக்கிறார். ஒரேயொரு இலையைப் பக்கம் நிறையும் அளவுக்குப் பெரிதாக வரையுமாறு மகளிடம் சொல்லுங்கள். பிளவு எவ்வளவு ஆழம் இறங்குகிறது, நடுநரம்பு எங்கே முடிகிறது, மடல்கள் தட்டையாக இருக்கின்றனவா அல்லது மேல்நோக்கி மடிந்திருக்கின்றனவா என்பதையெல்லாம் வரையும்போதுதான் கண் தேடத் தொடங்கும். ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ காலையில் விரிந்து அன்றே வாடிவிடுவதால், ஒரே பூவைக் காலை எட்டு மணிக்கும் மாலையிலும் அருகருகே வரைந்து வைக்கலாம். மணலுக்கு மஞ்சள் பூசிவிடும் பழக்கம் பலருக்கும் உண்டு. இம்மாவட்டக் கடற்கரைகளில் அது செல்லாது. இல்மனைட் என்ற கனிமத்தின் கருமையும் கார்னெட் என்ற கனிமத்தின் செம்மையும் கலந்த மணல் இது. கனமான இத்துகள்களை விட்டுவிட்டு இலேசான மணலை அலை இழுத்துச் செல்வதால், அவை கரையில் வரிவரியாகப் படிந்து கிடக்கும்.

டிசம்பர் இறுதியில் இங்கே காலை ஆறரை மணியளவில் சூரியன் உதித்து, மாலை ஆறு மணி கடந்த சற்று நேரத்தில் மறையும். காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் சாய்ந்து விழும் வெயிலில்தான் மணல்வரிகளும் பனந்தண்டின் சொரசொரப்பும் நிழலோடு எடுப்பாகத் தெரியும். நடுப்பகலில் மகளுக்கு வேறொரு வேலை கொடுக்கலாம்: முற்றத்தில் 30 செ.மீ. உயரக் குச்சி ஒன்றைச் செங்குத்தாக நட்டு, மணிக்கொருமுறை நிழலை அளந்து நோட்டில் கோடாக வரையட்டும். ஏறத்தாழ 12.20 மணிக்கு நிழல் நேர் வடக்கே, சுமார் 18 செ.மீ. நீளத்துக்கு விழும். ஏப்ரல் 10-ஐ ஒட்டிய நாளின் உச்சிப்பொழுதில் அதே முற்றத்தில் நிழல் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: சுசீந்திரம், தேரூர்க் குளங்களில் பறவைகளை வரைய உட்கார்ந்தால், பென்சில் தாளைத் தொடுவதற்குள் அவை நகர்ந்துவிடுகின்றன. என்ன செய்வது? – வாசகர், தக்கலை

பதில்: நகர்பவற்றை முதலில் விட்டுவிடுங்கள். மஞ்சள் மூக்கு நாரை நெடுநேரம் அசையாமல் நிற்கும்; கொக்கு இரைக்காகக் காத்து நிற்கும். கை பழகிய பிறகு, ஒரே பக்கத்தில் நான்கைந்து படங்களை ஒன்றாகத் தொடங்கி, பறவை அசைந்ததும் அடுத்ததற்குத் தாவிவிடுங்கள். இரை தேடும் பறவை அதே நிலைக்குப் பலமுறை திரும்பி வரும் என்பதால், பாதியில் விட்ட கோட்டை அப்போது தொடரலாம். முதுகின் வளைவையும் கழுத்தின் சாய்வையும் முதலில் பிடித்துவிட வேண்டும். இறகு பிறகு வரட்டும். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு அமராவிட்டால், கரிய உருவத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது.

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. நீளவால் இலைக்கோழியின் புகழ்பெற்ற வால் இனப்பெருக்கக் காலத்துக்கு உரியது; குளிர்காலத்தில் பெரும்பாலும் அதைக் காண இயலாது. கையேட்டில் இருக்கிறதே என்று வாலைச் சேர்த்து வரைந்துவிடாதீர்கள். பறவை எதுவும் அகப்படாத நாளில், குளத்தைச் சுற்றி நிற்கும் கும்பப்பூ (இரண்டாம் போக) நெல்லை வரைந்துவிட்டு வரலாம், வீணான காலையாகாது.

கேள்வி: வெயிலில் அமர்ந்து வாட்டர்கலர் பூசும்போது சரியாகத் தெரியும் வண்ணங்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் இருண்டு கிடக்கின்றன. தாள்தான் காரணமா? – வாசகி, மார்த்தாண்டம்

பதில்: தாளைக் குறை சொல்ல வேண்டாம். நேர்வெயில் படும் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசச் செய்வதால், தேவைக்கு மேல் அடர்த்தியாக வண்ணத்தைக் குழைத்துவிடுகிறோம். உங்கள் உடலின் நிழலோ குடையின் நிழலோ நோட்டின்மேல் விழுமாறு அமருங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். நிழலில் வண்ணம் மெதுவாக உலர்வதால் விளிம்புகளும் கடினமாகத் தெரியாது. கடலோரத்தில் இருக்கிறோமே என்று கடல்நீரைத் தொட்டு வரைவோர் உண்டு. உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் அந்தப் பக்கம் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். ஆதலால் நல்ல தண்ணீரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தாள் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) இருந்தால் ஈரத்தில் அதிகம் சுருங்காது. முட்டம், மணக்குடிப் பக்கம் காற்று பக்கங்களைப் புரட்டிவிடும்; நோட்டின் இரு ஓரங்களிலும் பைண்டர் கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள்.