வீட்டில் நோயாளரைப் பார்க்கும் தொண்டர்கள் மருத்துவ பீடத்தை அணுகுவது எப்படி?

கேள்வி: வெள்ளவத்தையில் நாங்கள் 12 பெண்கள், படுக்கையாகிவிட்ட நோயாளரை வீடுகளுக்குச் சென்று பார்த்து வருகிறோம். பலர் மஹரகமவில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்கள். பல்கலைக்கழகம் ஒன்றுடன் சேர்ந்து நோய்த்தணிப்புப் பராமரிப்பில் (கடும் நோயில் நோவையும் துன்பத்தையும் குறைக்கும் பராமரிப்பு) முறையான பயிற்சி பெற விரும்புகிறோம். யாரிடம் போவது, என்ன கேட்பது?

பதில்: பயிற்சி தாருங்கள் என்று மட்டும் கேட்டுப் போகாதீர்கள். கொடுப்பதற்கும் உங்களிடம் நிறைய இருக்கிறது. பேச்சை அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஒரு தொடர்மாடி வீட்டில் நான் கண்டது இது. சிங்களம் பேசும் மாணவி ஒருவர், தான் கற்ற தமிழில் “நோ இருக்கிறதா அம்மா?” என்று கேட்டார். “நோ இல்லைப் பிள்ளை, காலில் எரிவும் உளைவும்தான்” என்றார் அம்மா. மாணவி ‘நோ இல்லை’ என்று குறித்துக்கொண்டார். உடன் வந்த தொண்டர் மெல்லக் குறுக்கிட்டு, எரிவு வேறு, உளைவு வேறு, குத்து வேறு என்று விளக்கினார். எரிவு நரம்பு பாதிக்கப்பட்டதைக் காட்டலாம். அதற்குக் கொடுக்கும் மருந்தும் வேறு. இந்தப் பாடத்தை அந்த மாணவிக்கு எந்த விரிவுரை மண்டபமும் தந்திருக்காது. மாணவர்களை உங்களுடன் வீடுகளுக்கு அழைத்துச் சென்றால், உங்கள் 12 பேரும் அதைத் தர முடியும்.

கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவத் துறையும் குடும்ப மருத்துவத் துறையும் உள்ளன. நாவலவில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியர் கல்வி உண்டு. பீடாதிபதிக்கு நீண்ட கடிதம் எழுதுவதற்கு முன், துறையில் ஒரு விரிவுரையாளரை நேரில் சந்தியுங்கள். எத்தனை வீடுகளுக்குப் போகிறீர்கள், எந்த நாட்களில், என்னென்ன மொழிகளில் பேசுவீர்கள் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

உங்களுக்கான பயிற்சியில் வாய் சுத்தம், படுக்கைப் புண் வராமல் நோயாளரைப் புரட்டிப் படுக்க வைப்பது, குடும்பத்தார் அழும்போது பேசாமல் அருகில் இருப்பது ஆகியவற்றைக் கேளுங்கள். மோர்பின் பற்றியும் கேட்டே ஆக வேண்டும். அது சாவை விரைவுபடுத்தும் என்ற பயத்தில் குடும்பங்கள் மருந்தை ஒளித்துவைப்பதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். மருத்துவர் சொன்ன அளவில் அது நோவைத்தான் குறைக்கும். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தும் கூடவே வேண்டும். ஆனால் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒருபோதும் தொண்டரின் வேலை அல்ல.

இதைப் பீடத்துடன் செய்யும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். இரவில் நோ கூடினால் யாரை அழைப்பது, குடும்பத்தின் சம்மதத்தை யார் பெறுவது, ஒரு வீட்டுக்கு எத்தனை மாணவர்கள் (இருவருக்கு மேல் வேண்டாம்) என்பனவும் அதில் இருக்கட்டும். நோயாளரின் விவரம் ஆய்வுக்குப் பயன்படுமானால் பீடத்தின் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் தேவை.

இது புதிய வழியும் அல்ல. கேரளத்தில் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சிறிதாகத் தொடங்கிய நோய்த்தணிப்புப் பணி, பின்னர் மலப்புறத்தின் ஊர்த் தொண்டர்கள் கைக்கு வந்த பிறகுதான் வீடு வீடாகப் பரவியது. மருத்துவக் கல்வியிலேயே இந்தப் பராமரிப்பைச் சேர்க்கும்படி 2014இல் உலக சுகாதாரப் பேரவையும் நாடுகளைக் கேட்டது.

முதல் ஆறு மாதங்களுக்கு மூன்று வீடுகள் போதும். நோயாளர் காலமானால், குடும்பம் விரும்பினால், எட்டுச் செலவுக்கோ அந்தியேட்டிக்கோ அந்த வீட்டுக்கு வந்த மாணவரையும் அழைத்துச் செல்லுங்கள். துயரத்தில் இருப்பவர்களைக் கைவிடாமல் இருப்பதும் இந்தப் படிப்பின் பகுதிதான். அதற்கும் ஒரு நாளை அட்டவணையில் ஒதுக்கும்படி துறையிடம் இப்போதே கேளுங்கள்.