ஒரே படத்துக்கு எத்தனை முறை டிக்கெட் எடுப்பது?

கேள்வி: பதின்வயதில் பார்த்து மனப்பாடமாகிப்போன சில படங்கள் அடுத்தடுத்து மறுவெளியீடு ஆகின்றன. முதலில் ஆண்டு நிறைவு என்றார்கள். பிறகு 4கே தெளிவு என்றார்கள். அதன் பிறகு புதிய காட்சிகள் சேர்த்தது என்றார்கள். ஒவ்வொரு முறையும் போகிறேன். விளக்கு அணைந்ததும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. வெளியே வரும்போது, என் பாசத்தை யாரோ கணக்குப் போட்டுக் காசாக்குகிறார்களே என்று கசக்கிறது. போகாமலும் இருக்க முடியவில்லை. நான் ஏமாளியா, இரசிகனா?

பதில்: இரசிகர்தான். உங்கள் மகிழ்ச்சியும் நியாயமானது, கசப்பும் நியாயமானது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இரசிகரின் பாசத்தைக் காசாக்குவது நேற்றுத் தொடங்கிய வழக்கமும் அல்ல. 1937இல் வெளியான ‘ஸ்நோ ஒயிட்’ படத்தை டிஸ்னி நிறுவனம் 1944இல் மீண்டும் திரையிட்டது. அதன் வரவேற்பைப் பார்த்த பிறகு, தன் பழைய கார்ட்டூன் படங்களை ஏறத்தாழ ஏழாண்டுக்கு ஒரு முறை திரையரங்குக்குக் கொண்டுவருவதையே வழக்கமாக்கிக்கொண்டது. ஏழாண்டு இடைவெளியில் அந்தப் படத்தைப் பார்த்திராத குழந்தைகள் போதுமான அளவு வளர்ந்து வந்திருப்பார்கள் என்பது கணக்கு.

வீட்டில் படம் பார்க்க வழியில்லாத காலத்தில், பிடித்த படத்தை இன்னொரு முறை பார்ப்பதற்கு அது ஒன்றே வாய்ப்பாக இருந்தது. இன்று கைப்பேசியிலேயே கிடைக்கும் படத்துக்கு நீங்கள் டிக்கெட் எடுப்பது கதையைத் தெரிந்துகொள்ள அல்ல என்பது உங்களுக்கும் தெரியும், வெளியிடுபவருக்கும் தெரியும். அடுத்த வசனம் என்ன என்று முன்கூட்டியே அறிந்த நூற்றுக்கணக்கானவர்களுடன் அமர்ந்து, அந்த வசனம் வருவதற்கு அரை நொடி முன்பே அரங்கம் சிரிக்கத் தொடங்குவதைக் கேட்பதற்காகப் போகிறீர்கள். எந்த வட்டிலும் அது கிடைக்காது. விற்பவருக்கு இலாபம் வந்தது என்பதனாலேயே வாங்கியவர் ஏமாந்துவிட்டார் என்று ஆகிவிடாது.

ஆனால் ‘புதிய காட்சிகள் சேர்த்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கசப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 1977இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஒரு மதுக்கூடக் காட்சி உண்டு. கிரீடோ என்பவன் எதிரே உட்கார்ந்துகொண்டு, படத்தின் நாயகர்களில் ஒருவனான ஹான் சோலோவைத் துப்பாக்கி முனையில் மிரட்டுகிறான். பேச்சுக் கொடுத்தபடியே மேசைக்கு அடியில் தன் துப்பாக்கியை மெல்ல உருவும் சோலோ, அவனைச் சுட்டுத் தள்ளிவிட்டு ஒன்றும் நடவாதவன் போல எழுந்து போகிறான். அவன் எப்படிப்பட்ட ஆள் என்பது நமக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிடுகிறது. 1997ஆம் ஆண்டின் சிறப்புப் பதிப்பில் கிரீடோ முதலில் சுட்டுக் குறி தவறுகிறான், அதற்குப் பிறகே சோலோ சுடுகிறான். 2004இல் வந்த டிவிடியில் இருவரும் ஏறக்குறைய ஒரே கணத்தில் சுடுகிறார்கள். 2019இல் ஓடிடிக்கு வந்தபோது, சாவதற்கு முன் கிரீடோ சொல்வதற்கென்று ஒரு புதுச் சொல் வேறு சேர்ந்துகொண்டது. தன்னலக்காரனாக அறிமுகமாகி மெல்ல மெல்ல நல்லவனாகிறவனைத் தொடக்கத்திலேயே உத்தமனாக்கிவிட்டால், அவன் மாறுவதற்கு மிச்சம் என்ன இருக்கிறது?

இந்த மாற்றங்களைக்கூட இரசிகர்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். திரையரங்கில் அவர்கள் பார்த்த முதல் வடிவம் விற்பனையிலிருந்தே மறைந்துபோனதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் ஏற்றும் வழக்கம் பரவிய காலத்தில், 1988இல், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் சென்று திரைப்படங்களை இப்படி மாற்றக் கூடாது என்று கடுமையாக வாதாடியவர்களில் ‘ஸ்டார் வார்ஸ்’ இயக்குநர் ஜார்ஜ் லூகாசும் ஒருவர் என்பதை நினைக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நல்ல செய்தியும் உண்டு. 1977ஆம் ஆண்டின் மூலப் பிரிண்ட் ஒன்று 2025 ஜூனில் இலண்டனில், பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் விழாவில் திரையிடப்பட்டது. அந்த முதல் வடிவமே சீரமைக்கப்பட்டு 2027இல் திரையரங்குகளுக்கு வரும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். அந்த மறுவெளியீட்டுக்கு நானும் டிக்கெட் எடுப்பேன்.

கேள்வி: நாவலாசிரியர் இரண்டாம் பதிப்பில் திருத்தம் செய்வதில்லையா? தம் படத்தைத் திருத்த இயக்குநருக்கு மட்டும் உரிமை இல்லையா?

பதில்: தாராளமாக உண்டு. நாவலின் முதல் பதிப்பு நூலகத்தில் இருக்கிறது, வேண்டியவர் எடுத்துப் படிக்கலாம்; படத்துக்கும் அதே வசதியைத்தான் கேட்கிறோம். ‘பிளேட் ரன்னர்’ 1982இல் வெளியானபோது, விளக்கம் சொல்லும் பின்னணிக் குரலும் சுபமான முடிவும் அதில் இருந்தன. 1992இல் வந்த வடிவத்தில் இரண்டும் நீக்கப்பட்டன. 2007இல் அதன் இயக்குநர் ரிட்லி ஸ்காட் இறுதி வடிவம் என்று ஒன்றைக் கொடுத்தார். அதோடு நில்லாமல், வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பிரதி உட்பட ஐந்து வடிவங்களையும் ஒரே பெட்டியில் வைத்து விற்றார்கள். எது சிறந்தது என்று இரசிகர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். ஆனால் தன் படத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்று யாரும் புலம்ப இடமில்லை. ஸ்பீல்பெர்க் இன்னொரு வழியில் போனார். ‘ஈ.டி.’ படத்தின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பில் அதிகாரிகளின் கையிலிருந்த துப்பாக்கிகளைக் கணினி உதவியால் வாக்கி-டாக்கிகளாக மாற்றியவர், பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். 2012இல் வந்த ப்ளூ-ரேயில் துப்பாக்கிகள் திரும்பிவிட்டன.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. படம் இயக்குநர் ஒருவரின் கையெழுத்துப் பிரதி அல்ல. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் படத்தொகுப்புக்கும் காட்சி விளைவுகளுக்கும் 1978இல் ஆஸ்கர் விருது கிடைத்தது. அந்த விருதைப் பெற்றுத்தந்த, சிறு மாதிரி உருவங்களை வைத்து எடுத்த விண்கலக் காட்சிகள் சிலவற்றின் மேல்தான் பின்னர் கணினிக் காட்சிகள் ஒட்டப்பட்டன. திருத்துபவர் இயக்குநராகவே இல்லாமல் போகும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. ‘ராஞ்சனா’ என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’, 2025 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவால் மாற்றப்பட்ட முடிவுடன் வெளியானது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நாயகன் தனுஷும் எதிர்ப்புத் தெரிவித்தும், உரிமை வைத்திருந்த நிறுவனம் பின்வாங்கவில்லை. சாக வேண்டிய நாயகனை உயிர்ப்பித்துவிட்டால் இரசிகர் மகிழ்ந்துவிடுவார் என்று அவர்கள் நினைத்திருக்கக் கூடும். அந்தப் படத்துக்காக அழுதவரை அவர்கள் புரிந்துகொள்ளவில்லை.

அதே ஆண்டு மறுவெளியீடு ஒரு நல்ல காரியத்தையும் செய்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1975இல், தணிக்கையின் வற்புறுத்தலால் மாற்றப்பட்ட ‘ஷோலே’ படத்தின் முடிவு, முதலில் எடுக்கப்பட்டபடியே சீரமைத்த பிரதியில் இடம்பெற்றது. அங்கே மாற்றியவர் வேறு, மீட்டவர் வேறு.

கேள்வி: புதுப்பிக்கப்பட்ட பிரதி பளிச்சென்று இருந்தும் ஏதோ அந்நியமாகத் தெரிகிறதே, ஏன்?

பதில்: அளவுக்கு மீறித் துடைத்திருப்பார்கள். பிலிமில் எடுத்த படத்துக்குத் துகள் தன்மை இயல்பானது. உருவமே அந்தத் துகள்களால்தான் ஆகியிருக்கிறது. மென்பொருள் அதை அழுக்கு என்று எண்ணி நீக்கும்போது, அதனுடன் தோலின் நுண்துளைகளும் சேலையின் இழைகளும் போய்விடுகின்றன. நாயகியின் கன்னம் மெழுகு பூசியதுபோல் ஆகிறது. ஒழுங்காகச் செய்யும் சீரமைப்பில் நெகட்டிவை ஸ்கேன் செய்து, கீறலையும் கறையையும் மட்டும் ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து எடுப்பார்கள். இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 ஃபிரேம்கள் இருக்கும் என்பதால் அவசரக்காரர்கள் எந்திரத்திடம் ஒப்படைத்துவிடுகிறார்கள்.

கண்ணுக்கு உடனே புலப்படாத இன்னொரு சேதம் உண்டு. ஏறக்குறைய சதுரமாக எடுக்கப்பட்ட பழைய படத்தை அகலத்திரைக்குப் பொருத்துவதற்காக மேலும் கீழும் நறுக்குவார்கள். அடுத்த முறை நடனக் காட்சியில் பாதங்களைக் கவனியுங்கள். பாதம் தெரியாத நடனத்துக்கு நடன இயக்குநர் பொறுப்பாக மாட்டார். ஒற்றைத் தடத்தில் பதிவான ஒலியைப் பல தடங்களாகப் பிரிக்கும்போது, மூலத்தில் இல்லாத காலடியோசையும் கதவுச் சத்தமும் புதிதாகச் சேர்க்கப்படுவதும் உண்டு. பின்னணி இசையையே புதிதாக வாசித்துப் பதிவதைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: ஒரே படத்தை வீடியோ கேசட், டிவிடி, ப்ளூ-ரே என்று வாங்கியாகிவிட்டது. இப்போது 4கே வட்டு வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: படம் எப்படி எடுக்கப்பட்டது, எதிலிருந்து வட்டு உருவானது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பிலிமில் எடுக்கப்பட்டு, மூல நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்யப்பட்டதாக இருந்தால் வேறுபாடு தெரியும். 2000களில் வந்த பல படங்களின் இறுதிப் பிரதியே, 4கேயைவிடத் தெளிவு குறைந்த 2கே அளவில்தான் கணினியில் தயாரானது; அவற்றின் 4கே வட்டு என்பது பெரும்பாலும் அந்தப் பிரதியைப் பெரிதாக்கியதுதான். கேசட்டிலிருந்து டிவிடிக்குப் போனபோது உங்களுக்குக் கிடைத்த வியப்பை அதில் எதிர்பார்க்காதீர்கள். நடுத்தர அளவுத் தொலைக்காட்சியில், வழக்கமான தூரத்தில் அமர்ந்து பார்ப்பவருக்கு ப்ளூ-ரேயே போதும் என்பது என் கருத்து. வட்டின் உறையில் படத்தின் ஓடும் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். முன்பிருந்ததைவிடக் கூடியோ குறைந்தோ இருந்தால், கத்தரி விழுந்திருக்கிறதா என்று விசாரிக்க வேண்டிய இடம் அதுதான். மூல ஒலித்தடமும் சேர்ந்திருக்கிறதா என்பதையும் உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

புதியதை வாங்கினாலும் பழைய வட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் முதல் வடிவம் 2006இல், டிவிடியின் கூடுதல் வட்டாக, சுமாரான தரத்தில் ஒரு முறை விற்கப்பட்டது. அதன் பிறகு வந்த ப்ளூ-ரேயிலும் 4கேயிலும் அது இல்லை.