கிரானைட் பாலிஷ் வேலை, துணி மாஸ்க், ஆறு மாத இருமல்

கிரானைட் அறுக்கும் வேலைக்குத் துணி மாஸ்க் போதாது. கண்ணுக்குத் தெரியும் தூசியைத்தான் அது நிறுத்தும், நுரையீரலின் அடிவரை போகும் மிக நுண்ணிய சிலிக்கா தூள் (கிரானைட்டை அறுக்கும்போது பறக்கும் கல் தூள்) அப்படியே உள்ளே போய்விடும்.

உங்கள் அண்ணன் எட்டு வருடமாக கிரானைட் அறுத்துப் பாலிஷ் போடுகிறார், ஆறு மாதமாக இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து டிபி மாத்திரை கொடுத்தும் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு சிலிகோசிஸ், அதாவது சிலிக்கா தூள் படிந்து வரும் நுரையீரல் நோய், என்ற சந்தேகம்தான் முதலில் வருகிறது. டிபி, சிலிகோசிஸ் இரண்டுமே பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில்தான் தெரியும், அதனால் டாக்டரிடம் வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் டிபி என்றே முடிவாகிவிடும்.

1. இன்று வேலை முடிந்ததும் அவருடைய மாஸ்க்கின் உள்பக்கத்தைப் பாருங்கள். மூக்கின் இரு ஓரமும் வெள்ளைக் கோடு படிந்திருந்தால், அத்தனை நாளும் அந்த இடைவெளி வழியாகத்தான் மூச்சு விட்டிருக்கிறார்.

2. நெஞ்சுநோய் நிபுணரிடம் பழைய எக்ஸ்ரேயோடு போங்கள். "எட்டு வருடம் கல் அறுக்கிறார், தண்ணீர் விடாமல்" என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். சளிப் பரிசோதனையும் சிடி ஸ்கேனும் தேவையா என்று கேளுங்கள்.

3. அதுவரை உலர் அறுப்பு வேண்டவே வேண்டாம், பிளேடில் தண்ணீர் ஓட வேண்டும். காய்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்குவதும் கெடுதல்தான். முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 போடட்டும், தாடி இருந்தால் அதுவும் பயன்படாது.

ஒன்று மட்டும் கவனம்: டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிலிகோசிஸ் வந்தவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பும் அதிகம், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அப்புறம், ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) இருக்கிறதா என்று பாருங்கள், சிலிகோசிஸ் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது.