பிளஸ் டூ கணக்கு, இயற்பியலுக்கு வீட்டு டியூஷன்: ஆசிரியருக்கு என்ன தகுதி வேண்டும்?

சட்டப்படி கேட்டால், வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பவருக்கு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ பி.எட்.டோ கட்டாயமில்லை. 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல் பட்டப்படிப்பாவது வேண்டும் என்கிறது. ஆனால் அது 50 பேருக்கு மேல் படிக்கும் பயிற்சி மையங்களுக்குத்தான். இன்னொன்று, பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தடுக்கிறது. ஊரில் யார் கேட்கிறார்கள் என்பது வேறு கதை.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? பிளஸ் டூவுக்கு அந்தப் பாடத்திலேயே எம்.எஸ்சி. படித்தவர் நல்லது. பொறியியல் படித்தவர்களும் கணக்கு நன்றாகவே எடுப்பார்கள். வேதியியலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியருக்கே ஒரு பாடம்தான்.

சான்றிதழைவிட நான் நம்புவது ஒரு மணி நேர மாதிரி வகுப்பை. உங்கள் பிள்ளை தப்பாகப் போட்ட தொகையிடல் கணக்கு ஒன்றைக் கொடுங்கள். உடனே சரியான விடையை எழுதிக் காட்டுகிறாரா, இல்லை எந்த வரியில் சறுக்கியது என்று பிள்ளையையே கண்டுபிடிக்க வைக்கிறாரா என்று பாருங்கள். இரண்டாமவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.